எழுதுபவர்: ஹிராகா

ஓடையின் ஒன்பதாம் குறுக்குவெட்டில், இடக்கரையிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி, முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்றபடி இத்சுகோ அளவுகோலைப் பார்த்து, "முப்பத்தெட்டு" என்று உரக்கச் சொன்னாள்.

"முப்பத்தெட்டு" என்று கரையிலிருந்து பதில் வந்தது.

கழுத்தில் தொங்கிய பலகையில் அவள் அந்த எண்ணை எழுதினாள். அரை மீட்டர் நகர்ந்து கோலை மறுபடி ஊன்றினாள். சரளைக்கல்லில் இரும்பு நுனி பதியும் 'நறுக்' ஒலி காலணியின் அடி வழியே தெரிந்தது. "நாற்பத்தொண்ணு" என்றாள். "நாற்பத்தொண்ணு" என்றது கரை. அதையும் எழுதி முடித்துப் பென்சிலைக் காதில் செருகியபோதுதான், தன்னுடன் யாரும் வரவில்லை என்பது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

அவள் உடனே திரும்பிப் பார்க்கவில்லை. ஓடும் நீரில் நிற்பவர்கள் சட்டென்று திரும்ப மாட்டார்கள். நீரின் தள்ளலுக்கு எதிராக ஒரு காலைப் பின்னே வைத்து, எடையை மாற்றி, பிறகுதான் உடலைத் திருப்புவார்கள். இருபது வருடப் பழக்கம். அப்படி நிதானமாகத் திரும்பியபோது கரையில் இடுப்பளவு உயர்ந்த குட்டை மூங்கில் புதரும், அதன் பின்னே மஞ்சளாகத் தொடங்கியிருந்த மரங்களும், கிளையில் அவள் மாட்டிவைத்த பையும் இருந்தன. கரடிகள் விலகிப் போகட்டுமென்று பையில் கட்டிய மணி அசையவில்லை. அக்டோபர் மாதத்துப் பகல் வெளிச்சம் இலைகளின் ஊடே ஈரத் துணிபோலத் தொங்கியது. பாசியின் வாசனை, அழுகும் இலையின் வாசனை, அவற்றின் அடியில் நனைந்த இரும்பின் வாசனை.

எதிரொலியாக இருக்கலாம் என்று முதலில் நினைத்தாள். ஆனால் எதிரொலிக்கும் ஒரு கணக்கு உண்டு. சொன்னதும் திரும்பி வருவதும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டுமென்றால், பதினேழு மீட்டருக்கு அப்பால் ஒரு கடினமான சுவர் வேண்டும். இங்கே இருந்ததெல்லாம் இலை, பாசி, மண். ஒலியைக் குடித்துவிடும் பொருட்கள். தவிர, அந்தக் குரல் அவளுடையது அல்ல. ஆணா பெண்ணா என்று தெரியாத, அவசரமில்லாத, கொஞ்சம் தாழ்ந்த குரல்.

"யாரது?" என்று கேட்டாள்.

ஓடை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஹலோ!"

அவள் ஆராய்ச்சிக்காரி, பயம் வந்தால் சோதனை செய்து பார்ப்பவள். நின்ற இடத்திலேயே வேண்டுமென்று "எழுபது" என்றாள். மௌனம். "இருபத்தஞ்சு." மௌனம். கோலைப் பார்த்து, உண்மையாக அது காட்டியதை, "நாற்பத்தொண்ணு" என்றாள்.

"நாற்பத்தொண்ணு" என்றது கரை.

*

ஓடையை அளப்பது இரண்டு பேர் வேலை. இரு கரையிலும் அடித்த இரும்பு முளைகளுக்கு நடுவே அளவு நாடாவை இழுத்துக் கட்ட வேண்டும். அதுதான் ஒரு வெட்டு. அளப்பவர் நாடாவை ஒட்டித் தண்ணீரில் நடந்து, அரை மீட்டருக்கு ஒருமுறை கோலை ஊன்றி ஆழத்தைச் சொல்வார். எழுதுபவர் கரையில் நின்று அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுதுவார். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் ஏழும் குழம்பும் என்பது ஒரு காரணம். திருப்பிச் சொல்லும்வரை அளப்பவர் அடுத்த புள்ளிக்கு நகரக் கூடாது. இன்னொரு காரணத்தைப் புதிதாக வருபவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: எண் வருவது நின்றால், அளப்பவர் விழுந்துவிட்டார் என்று பொருள். இரு குரல்களுக்கும் இடையே ஒரு கயிறு இருக்கிறது, அவ்வளவுதான். அது கண்ணுக்குத் தெரியாது.

பதினோரு வருடம் அந்தக் கயிற்றின் மறுமுனையில் தோகஷி இருந்தான். பத்து வருடம் முன்பு, நுகாசவா ஓடையின் நடுவே அறுபது வருடமாக நின்றிருந்த தடுப்பணையைப் பிளந்து திறந்தபோது இருவரும் கரையில் நின்று பார்த்தார்கள். அணைக்குப் பின்னே தேங்கிக் கிடந்த சரளை மெல்லக் கீழே நகர்ந்தது. வெறும் பாறையாகிப் போயிருந்த கீழ்ப்பகுதி மறுபடி கல்லும் மணலுமாக மூடியது. மூன்றாம் வருடம் இவானா மீன்கள் அந்தச் சரளையில் குழி பறித்து முட்டையிட்டன. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அதே இருபத்திரண்டு வெட்டுகளை அளந்தார்கள். மேலே இன்னும் ஓர் அணை இருக்கிறது. பத்து வருட அளவீடு முழுமையாக இருந்தால் அதையும் திறப்பதாக அரசின் ஆற்றுப் பிரிவு ஒப்புக்கொண்டிருந்தது. ஒரு வருடம் விட்டுப்போனாலும் தொடர் அறுந்துவிடும்.

பத்தாவது வருடத்தில் இரண்டாம் ஆளுக்கான பதவி ரத்தானது. தோகஷி நகரத்துக்குப் போய் லிஃப்ட் பரிசோதிக்கும் வேலையில் சேர்ந்தான். விதி மட்டும் ரத்தாகவில்லை: ஒற்றை ஆள் அளந்தது செல்லாது. படிவத்தில் இரண்டு கட்டங்கள். 'அளப்பவர்' என்ற கட்டத்தில் ஒனோதேரா இத்சுகோ என்று எழுதினாள். 'எழுதுபவர்' என்ற கட்டத்தின் முன் பென்சிலோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஹிராகா என்று எழுதினாள். அவளுக்கு எந்த ஹிராகாவையும் தெரியாது. சாதாரணமான, யாரும் நின்று கேட்காத ஒரு பெயர் வேண்டியிருந்தது.

தனியாக அளந்தாலும் எண்ணை உரக்கச் சொல்வதை அவளால் விட முடியவில்லை. சொல்லாமல் எழுதினால் தப்பு வந்தது. முதல் இரண்டு நாள் அவளே சொல்லி, அவளே முணுமுணுப்பாகத் திருப்பிச் சொல்லி, எட்டு வெட்டுகளை முடித்திருந்தாள்.

குரல் கேட்ட அன்று மாலை, தான் தங்கியிருந்த மீனவர் சங்கத்தின் மரக்குடிலில் மண்ணெண்ணெய் அடுப்பை ஏற்றிவிட்டு தோகஷியை அழைத்தாள்.

"என்ன ஒனோதேரா சான், உயிரோடதான் இருக்கீங்களா? கரடி இன்னும் சாப்பிடலையா?"

"என்னச் சாப்பிட்டா அதுக்குத்தான் வயிறு கெடும். உன் லிஃப்ட் எப்படி இருக்கு?"

"ஏறுது, இறங்குது. ஆறு மாதிரி ஒரே பக்கமா போய்த் தொலையல. அதுவரைக்கும் சந்தோஷம். துணைக்கு யாரு வந்திருக்கா?"

"ஹிராகா."

"எந்த ஹிராகா?"

"எந்த ஹிராகாவும் இல்ல. கட்டத்துல ஒரு பேர் வேணுமே."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "வெளிய தெரிஞ்சா பத்து வருஷமும் குப்பை, தெரியும்ல?"

"தெரியும்."

"ஆளு எப்படி, நல்லா எழுதுறாரா?"

"உன்னவிடக் கையெழுத்து நல்லா இருக்கு." பல நாளுக்குப் பிறகு அவள் சிரித்தாள், தொண்டை வலித்தது. "தோகஷி, அந்தப் பள்ளத்துல நீ எதிரொலி கேட்டிருக்கியா?"

"அங்கயா? நான் எத்தனை தடவை கத்தியிருப்பேன். எல்லாத்தையும் பாசி குடிச்சிடும். ஏன்?"

"சும்மாதான்."

மறுமுனையில் ஒரு பெண் குழந்தை, குளிக்கும் தண்ணீர் ஆறுகிறது என்று அப்பாவைக் கூப்பிட்டது. "போறேன், இல்லன்னா திட்டு விழும். தனியா ஆழத்துல இறங்காதீங்க, ஒனோதேரா சான்" என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான். அடுப்பின் நீலச்சுடர் மெல்ல மூச்சுவிட்டது. அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்தத் தொலைபேசி அழைப்பைக் கழித்துவிட்டால், தன் பெயரைச் சொல்லி ஒருவர் கூப்பிட்டு இன்றோடு ஒன்பது நாள். தான் சொன்னதற்கு ஒருவர் பதில் சொன்னது இன்று பிற்பகல்தான்.

*

நான்காம் நாள் காலை பன்னிரண்டாம் வெட்டில் இறங்கும் முன் அவள் கரையைப் பார்த்து, "இன்னிக்கும் உங்க தயவு வேணும்" என்றாள். வேலை தொடங்கும்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது அது. சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள். கரையோரப் புள்ளியின் தூரம், ஆழம் இரண்டையும் "பூஜ்யம். பூஜ்யம்" என்று சொன்னதும்தான் பதில் வந்தது.

அன்று வேலை பறந்தது. நல்ல எழுதுபவர் கிடைத்தால் அப்படித்தான். சொல்வதும் திரும்ப வருவதும் ஒரே தாளத்தில் விழும்போது கால்கள் தாமாக அடுத்த கல்லைத் தேடிக்கொள்ளும், குளிர் தெரியாது, தோள் வலி தெரியாது. ஒருமுறை, தண்ணீரில் பட்ட வெயிலில் கண் கூச, "நாற்பத்தேழு" என்றாள். கரை பேசவில்லை. குனிந்து மறுபடி பார்த்தாள். நாற்பத்தொன்றுதான். "நாற்பத்தொண்ணு" என்று திருத்தினாள். "நாற்பத்தொண்ணு" என்றது குரல். தவறைச் சுட்டிக்காட்டாமல் காத்திருந்த அந்தப் பண்பில் அவளுக்கு நெஞ்சு கனிந்தது. மதியம் சோற்றுருண்டையைப் பிரித்தபோது ஒன்றை இலையில் வைத்துப் பக்கத்துப் பாறையில் வைத்தாள். தான் செய்வது என்னவென்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. பயப்பட வேண்டிய இடத்தில் நன்றியோடு இருந்தாள். தனிமை ஒருவரை எவ்வளவு மலிவாக்கிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டே மறுபடி தண்ணீரில் இறங்கினாள்.

பதினேழாம் வெட்டில், மூன்றாம் புள்ளிக்கு நகர்ந்து, கோலைத் தூக்கிப் பிடித்திருந்தாள். இன்னும் ஊன்றவில்லை.

"ஐம்பத்திரண்டு" என்றது குரல்.

கோல் அவள் கையில் நின்றது. நீர் அவள் கால்களைச் சுற்றிப் பிரிந்து, பின்னே ஒரு சிறு குழிவிட்டு, மறுபடி சேர்ந்துகொண்டது. மெல்லக் கோலை இறக்கினாள். நறுக். ஐம்பத்திரண்டு.

அதைவிட மோசமான ஒன்று இருந்தது. இந்த முறை குரல் கரையிலிருந்து வரவில்லை. கீழ்ப்பக்கம், அவள் நடந்து கடந்துவந்த தண்ணீரிலிருந்து, மிகத் தாழ்வாக, வாய்க்கும் நீர்மட்டத்துக்கும் இடையில் ஒரு விரல்தான் இருக்கும் என்பதுபோல வந்தது.

அவள் அதைத் திருப்பிச் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று அன்று மாலை குடிலில் அடுப்பின் முன் யோசித்தாள். பதினோரு வருடம் ஒரு எண் காதில் விழுந்தால் இன்னொரு வாய் அதைச் சொல்லும் உலகத்தில் இருந்திருக்கிறாள். அவ்வளவுதான் காரணம்.

*

ஐந்தாம் நாள் வானம் அலுமினியப் பாத்திரத்தின் உட்புறம்போல இருந்தது. மலையில் பனி என்று வானொலி சொன்னது. இருபதையும் இருபத்தொன்றையும் அவள் வாயைத் திறக்காமல் அளந்தாள். தப்பு வந்து, அழித்து, மறுபடி அளந்து, மதியம் தாண்டிவிட்டது. குரல் வரவில்லை. பாக்கி ஒன்றே ஒன்று: பிளந்த அணையின் காலடியில் இருந்த இருபத்திரண்டாம் வெட்டு.

மேலே சாலையில் கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஆற்றுப் பிரிவின் மினோவா சறுக்கிச் சறுக்கி இறங்கி வந்தார். ஓய்வுபெற இரண்டு வருடமே பாக்கியுள்ள, எல்லாரிடமும் சிரித்துப் பேசும் மனிதர்.

"ஒனோதேரா சான்! இந்தக் குளிர்ல தண்ணில நிக்கறது நீங்களும் மீனும்தான்." சூடான காபி டின் ஒன்றை நீட்டினார். "மூணு வாங்கிட்டு வந்தேன். ஹிராகா சான் வாங்கிக்கல. பாறை மேல வச்சிட்டு வந்திருக்கேன், ஆறிடும்னு சொல்லுங்க."

டின் அவள் உள்ளங்கையைச் சுட்டது. "எங்க... பாத்தீங்க?"

"கீழதான், அந்த வளைவுல. நல்ல உழைப்பாளி. ஆனா உடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க. கல்லுக்கு அடியில கை விட்டுத் துழாவிட்டு இருந்தாரு போல, தலை மட்டும்தான் வெளிய தெரிஞ்சுது. வணக்கம்னேன், வாயே திறக்கல. சின்னப் பசங்க இப்பல்லாம் அப்படித்தான்."

கீழே வளைவில் ஆழம் இருபத்தெட்டு சென்டிமீட்டர். அவள் அளந்தது. உட்கார்ந்தாலும் குனிந்தாலும் ஓர் ஆள் அங்கே கழுத்துவரை மூழ்க முடியாது.

"மினோவா சான்" என்றாள்.

"சொல்லுங்க."

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். ஹிராகா என்று யாரும் இல்லை. சொன்னால் இந்த மனிதர் முகம் மாறும், பிறகு அவளைக் காரில் ஏற்றி, ஹீட்டரைப் போட்டு, கீழே கூட்டிப் போய்விடுவார். ஐந்து நாள் அளவும் செல்லாது. பத்து வருடமும் அறுந்துவிடும். மேலணை அப்படியே நிற்கும். அதற்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கும் மீன்கள், தங்களுக்குள்ளேயே பெருகி, ஒவ்வொரு தலைமுறையும் சிறுத்து, ஒருநாள் இல்லாமல் போகும். அவளுடைய வாழ்க்கையில் காட்டுவதற்கு வேறு எதுவும் இல்லை.

"ஒண்ணுமில்ல. காபிக்கு நன்றி."

"அட, இதுக்குப் போய்." அவர் சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்து முழங்காலில் வைத்தார். "போன மாசம் வேற இடத்துல ஒரு ஆளு தனியா அளந்து மாட்டிக்கிட்டாரு. அதான் மேலிடம் கடுமையா இருக்கு. ரெண்டு பேரையும் நேர்ல பாத்தேன்னு எழுதிடறேன், உங்களுக்கும் தொல்லை இல்ல. நான் கிளம்பட்டுமா? பனி விழறதுக்குள்ள கணவாய் தாண்டணும். நீங்க துணையோட இருக்கீங்க, எனக்குக் கவலை இல்ல."

அவர் கார் கிளம்பி, சத்தம் தேய்ந்து, ஓடைச் சத்தத்துக்குள் கரைந்தது.

*

பதினோரு மீட்டர் அகலம். இருபத்து மூன்று புள்ளிகள். இருபது நிமிட வேலை.

நாடாவின் பூஜ்யம் எப்போதும் இடக்கரை முளையில்தான் மாட்டப்படும். ஓடும் திசையைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம். அவள் வலக்கரையில், சாலைப் பக்க முளையில் ஒரு முனையைக் கட்டிவிட்டு, நாடாவை அவிழ்த்துக்கொண்டே ஓடையைக் கடந்து போனாள். எதுவும் நடக்கவில்லை. தண்ணீர் எங்கும் முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. இடக்கரை என்பது இங்கே ஒரு பாய் அகலச் சரளைத் திட்டு. அதன் பின்னே அணைக்காக அந்தக் காலத்தில் செங்குத்தாக வெட்டிய களிப்பாறைச் சுவர், பாசி பிடித்து, நீர் கசிந்து, வீட்டுக் கூரைக்கு மேல் உயர்ந்து நின்றது. கொக்கியை முளையில் மாட்டி நாடாவை முறுக்கேற்றினாள். அது ஓடைக்கு மேல், ஒரு சாண் உயரத்தில், நேர்கோடாக நின்றது.

"பதினொண்ணு" என்றது எதிர்க்கரை. "பூஜ்யம்."

பதினோராம் மீட்டரில் ஆழம் பூஜ்யம். யாரோ மறுமுனையிலிருந்து அளக்கத் தொடங்கியிருந்தார்கள்.

இது அவள் இரண்டு நாள் கேட்ட குரல் இல்லை. கனத்த, தண்ணீர் கொண்ட குரல்.

"பதினொண்ணு. பூஜ்யம்" என்றது அவள் வாய். கை எழுதியது.

எதிர்க்கரையோரம் நாடா கொஞ்சம் தாழ்ந்தது. வழுக்கும் கல்லில் நடப்பவர்கள் சமநிலைக்காக நாடாவை ஒரு கையால் பிடித்துக்கொள்வார்கள். பிடிக்கக் கூடாது, ஆனாலும் பிடிப்பார்கள். அப்போது அது அப்படித்தான் தாழும்.

"பத்தரை. பதினாலு."

"பத்தரை. பதினாலு."

தாழ்வு நகர்ந்தது. பத்து. ஒன்பதரை. அவள் அங்கே யாரையும் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தாள். ஓடும் நீர் எதையும் மறைக்காது. நடுவே ஒன்று நின்றால் முன்பக்கம் உயரும், பின்பக்கம் குழியும். தாழ்ந்த இடத்துக்கு நேர்கீழே இரண்டு குழிகள் இருந்தன. இரண்டு கால்கள் அகலத்துக்கு. எண்கள் சரியாகவே இருந்தன. போன வருடத்து எண்கள் அவளுக்கு மனப்பாடம். இருபத்தாறு, முப்பத்து மூன்று, முப்பத்தொன்பது. அவள் திருப்பிச் சொன்னாள். எழுதினாள். சொன்னாள். எழுதினாள்.

"அஞ்சு. அறுபது."

அங்கே அறுபது இல்லை. அவள் சற்றுமுன் நடந்து வந்த இடம்.

"அஞ்சு. அறுபது" என்றது அவள் வாய்.

இரண்டு குழிகளும் சேர்ந்து ஒன்றாயின. இடுப்பு அகலம்.

"நாலரை. எழுபத்தஞ்சு."

"நாலரை. எழுபத்தஞ்சு."

"நாலு. எண்பத்தெட்டு."

திருப்பிச் சொன்னாள். குழி அகன்றது. தோள் அகலம். நடக்க நடக்க அது தாழ்ந்துகொண்டே வந்தது, முழங்கால் ஆழத் தண்ணீரில். மூன்றரை. மூன்று. பிறகு குழி சுருங்கியது. இரண்டு கை சேர்த்துப் பிடிக்கும் அகலம். அதன் நடுவே ஏதோ கருமையாக இருந்தது. அவள் கண்களை நாடாவிலேயே வைத்துக்கொண்டாள்.

"ரெண்டரை. நூத்திப்பத்து."

அப்போதுதான் உறைத்தது. திருப்பிச் சொல்லும்வரை அளப்பவர் நகரக் கூடாது.

அவள்தான் அதைக் கூட்டி வந்துகொண்டிருந்தாள்.

இத்சுகோ வாயை மூடினாள். பற்கள் மோதின. பென்சில் நழுவி, பலகையில் கட்டிய நூலில் தொங்கி ஆடியது. இரண்டு கைகளையும் எடுத்து உதடுகளின் மேல் அழுத்தினாள்.

"ரெண்டரை. நூத்திப்பத்து."

அதே குரல். உயரவில்லை. கோபமில்லை. சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி சொல்பவரின் பொறுமை.

நாடா இரண்டரை மீட்டரில் தாழ்ந்து நின்றது. நகரவில்லை.

முதுகு சுவரில் முட்டியது. பாசியின் குளிர் ரப்பர் உடையைத் தாண்டி உள்ளே வந்தது. ஏற முடியாது. கடக்க வேண்டுமென்றால் அதன் பக்கமாகத்தான் கடக்க வேண்டும். பேசாமல் இருந்தால் போதும். யாராவது வரும்வரை. இரவு அவள் குடிலுக்குத் திரும்பவில்லை என்றால் யாராவது தேடி வரும்வரை.

யார் வருவார்கள்? துணையோடு இருக்கிறாள் என்று கையெழுத்துப் போட்ட தாள் கணவாயைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

பனி விழத் தொடங்கியது. சத்தமில்லாமல். நாடாவின் மேல் ஒரு வெள்ளைக் கோடு படிந்தது, இரண்டரை மீட்டரில் மட்டும் படியாமல், நான்கு விரல் அகலத்துக்கு இடம்விட்டு.

"ரெண்டரை. நூத்திப்பத்து."

மூச்சை மூக்கால் விட்டாள். சொல்ல மாட்டேன். சொல்ல மாட்டேன்.

வெளிச்சம் குறைந்தது.

"ரெண்டரை. நூத்திப்பத்து."

"ரெண்டரை" என்றது அவள் வலது காதருகே ஒரு குரல். தாழ்ந்த, அவசரமில்லாத, ஆணா பெண்ணா என்று தெரியாத குரல். இரண்டு நாள் பழகிய குரல். அவளுக்கும் சுவருக்கும் நடுவே இடமே இல்லாத இடத்திலிருந்து. "நூத்திப்பத்து."

நாடா நகர்ந்தது.

"ரெண்டு. நூத்தி இருபத்தாறு."

"ரெண்டு. நூத்தி இருபத்தாறு."

இப்போது இரண்டு பேர். விதிப்படி.

ஒன்றரை. ஒன்று. பனிக்கோடு உதிர்ந்துகொண்டே வந்தது. அரை. அவள் காலடி முளையில் கொக்கி கிரீச்சென்று கீழே இழுபட்டது. நனைந்த இரும்பின் வாசனை.

"பூஜ்யம்" என்றது தண்ணீர். "நூத்தி ஐம்பத்தெட்டு."

ஒவ்வொரு வசந்தத்திலும் மருத்துவப் பரிசோதனைத் தாளில் அவளுடைய உயரம் என்று எழுதப்படும் எண் அது.

"பூஜ்யம். நூத்தி ஐம்பத்தெட்டு."

அவள் இரண்டு கைகளும் வாயின் மேல் அழுந்தியிருந்தன. கழுத்தில் தொங்கிய பலகையில் பென்சில் மெல்ல நிமிர்ந்து, அழகான கையெழுத்தில், எழுதத் தொடங்கியது.